தலையெழுத்தும் உடல் எழுத்தும்

(கணியம்பாடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



மனித சரீரம் எப்படி இடத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி தன்னை மாற்றிக் கொள்ளுகின்றது, அது ஏன் மூப்படைகின்றது என்பதைப் பற்றி இன்று பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியண்டை நின்றவன். பிறகு இராத்திரி வேளைகளில் கடன் வாங்கின புஸ்தகங்களைப் படித்தும், படித்த தோழர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்து கொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கின்றேன். ஆகவே, நான் சொல்லுகின்றேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளி விடுங்கள்.

முதலில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லி விடுகின்றேன். என் தாயாருக்கு நாற்பத்தைந்து வயதிலே சர்க்கரை வியாதி கண்டது. கண்டது என்றால் அப்போதுதான் வந்தது என்று அர்த்தமல்ல, அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலிலே ஒரு சிறு புண். அது ஆறவில்லை. ஜாதகம் பார்க்கிறவர் ஒருவரிடம் போனார்கள். அவர், "இது கிரகக் கோளாறு, இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் தானாக விலகும், தலையில் எழுதினதை யார் மாற்ற முடியும்?" என்று சொல்லி ஒரு தொகையையும் வாங்கிக் கொண்டார். நானும் அப்போது அதை நம்பிக் கொண்டிருந்தவன்தான். ஆறு மாதம் பொறுத்தோம். கிரகம் விலகிற்றோ இல்லையோ, இரண்டு விரல்கள் விலகிவிட்டன! ஆஸ்பத்திரியில் எடுத்து விட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தலையெழுத்து என்பதை யார் எழுதினான், எதிலே எழுதினான், அதை வாசிக்கிறவன் யார் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும் என்கின்ற எண்ணம் வந்தது.

விசாரித்ததில், தோழர்களே, ஒரு எழுத்து இருக்கத்தான் செய்கின்றது. ஆனால் அது தலையில் இல்லை. உடம்பெல்லாம் இருக்கின்றது. அதை எழுதினவன் ஒருவனும் இல்லை. தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக வந்தது. அதற்கு மரபணு என்று பெயர். நம் சரீரம் சுமார் 37 இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைப் போன்ற சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு நூல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றது. தாய் வழி வந்தது ஒன்றும் தகப்பன் வழி வந்தது ஒன்றுமாக அதில் இரண்டு படிகள். ஒரு படிக்கு 300 கோடி எழுத்துக்கள். சரீரத்துக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் விதி சுமார் 20,000 மரபணுக்களாக அதில் எழுதப்பட்டிருக்கின்றது. 2003-ம் வருஷத்தில் அந்த எழுத்துக்களில் பெரும்பகுதியை வாசித்து முடித்தார்கள். விட்டுப்போன இடங்களையும் 2022-ல் நிரப்பினார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கின்றது. கண்ணில் இருக்கிற அணுவிலும், கல்லீரலில் இருக்கிற அணுவிலும், காலின் அடித்தோலில் இருக்கிற அணுவிலும் இருப்பது ஒரே புஸ்தகந்தான். அப்படியிருக்க ஒன்று கண்ணாகவும் ஒன்று காலாகவும் எப்படி ஆயிற்று? தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்களோ தெரியாது. விஞ்ஞானம் சொல்லும் பதில் மிகச் சாதாரணமானது. புஸ்தகம் ஒன்றேயானாலும், கண்ணில் உள்ள அணு சில பக்கங்களை மட்டும் திறந்து படிக்கின்றது. காலில் உள்ள அணு வேறு சில பக்கங்களைப் படிக்கின்றது. மற்றவை மூடிக் கிடக்கின்றன. எந்தப் பக்கத்தை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது, எப்போது மூடுவது என்கின்ற ஏற்பாட்டுக்குத்தான் மரபணுக் கட்டுப்பாடு என்று பெயர்.

இதை முதன்முதலில் தெளிவாக நிரூபித்துக் காட்டியவர்கள் பிரான்சு தேசத்து ஜாக்கப், மோனோ என்கின்ற இருவர், 1961-ல். ஜெர்மானியர் பாரிசைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இந்த மோனோ ஒரு பக்கம் அவர்களுக்கு விரோதமான இரகசியப் படையிலும் வேலை செய்துகொண்டு, மறுபக்கம் ஆராய்ச்சியையும் நடத்தினவர். அவர் கவனித்தது, நம் குடலிலே வசிக்கின்ற ஒரு கிருமியை. அதற்கு இரண்டு விதமான சர்க்கரையைக் கொடுத்தார். ஒன்று குளுக்கோஸ், மற்றொன்று பாலிலுள்ள சர்க்கரை. கிருமி முதலில் குளுக்கோசை மட்டும் தின்று தீர்த்தது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அதன் பிறகே பால் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்றால், பால் சர்க்கரையைச் செரிக்கும் சரக்கைச் செய்கின்ற மரபணுவின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காவற்காரன் எழுந்து போய்விட்டான். பால் சர்க்கரை இல்லாதபோது அவன் உட்கார்ந்து மறித்திருப்பான். வந்தால் எழுந்து வழி விடுவான். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குக்கூட வீண் செலவு செய்யாத அறிவு இருக்கின்றது பாருங்கள்! இல்லாத பாலுக்காக அது சட்டி கழுவி வைத்துக் கொண்டு காத்திருப்பதில்லை. 1965-ல் இவர்களுக்கும், இவர்களோடு லுவாஃப் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமிக்குச் சொன்னது நமக்குப் பொருந்துமா என்றால், வேறு விதமாய்ப் பொருந்தும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கின்ற மரபணு திறந்திருக்கின்றது. பால் மறந்து சில வருஷங்களில் உலகத்தில் பெரும்பாலோருக்கு அது தணிந்து போகின்றது. அதனாலேதான் வளர்ந்த பின் ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்று நம்மிலே பலர் சொல்லுகின்றார்கள். அது வியாதியல்ல. ஆனால் தலைமுறை தலைமுறையாய் மாடு மேய்த்துப் பால் குடித்து வந்த கூட்டங்களில் பலருக்கு அந்தப் பக்கம் சாகும்வரை மூடுவதில்லை. வட இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் அதிகம், தென்னாட்டில் குறைவு. மரபணு இருவருக்கும் ஒன்றே. அதற்குக் கொஞ்சம் முன்னாலே இருக்கின்ற, திறக்கவும் மூடவும் செய்கின்ற இடத்திலேதான் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்.

இரத்தத்துக்கு வாருங்கள். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஒரு விதமான சிவப்புச் சத்து. தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக் கொள்ள வேண்டியதற்காக அது கொஞ்சம் பேராசை பிடித்தது. பிறந்த பிறகு அந்தப் பக்கம் மெல்ல மூடி, பெரியவர்களுக்குரிய பக்கம் திறக்கின்றது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் இந்த மாற்றம் பெரும்பாலும் முடிகின்றது. நீலகிரி மலையில் 1952-ல் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், சிவப்பணு அரிவாள் போல் வளைந்து போகின்ற கோளாறு அங்குள்ள மலைவாசிகளிடம் இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் அது முதன்முதலில் அறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். அந்தக் கோளாறுள்ள குழந்தைகள் பிறந்து சில மாதங்கள் சுகமாகவே இருப்பார்கள், பிறகுதான் வேதனை ஆரம்பிக்கும். ஏனென்றால் கோளாறு இருப்பது பெரியவர்களுக்குரிய பக்கத்தில். அப்படியானால், மூடிப்போன சிசுப் பக்கத்தைத் திரும்பத் திறந்து விட்டால் என்ன? இப்படித்தான் விஞ்ஞானி யோசித்தான். அந்தப் பக்கத்தை மூடுகின்ற காவற்காரனை எலும்பு மஜ்ஜை அணுக்களில் அடக்கிவிட்டு அவற்றைத் திரும்பச் செலுத்துகின்ற வைத்தியத்துக்கு 2023-ல் இங்கிலாந்தில் உத்தரவு கொடுத்து விட்டார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலும் இதே துறையில் வேலை நடக்கின்றது. அதே ஆஸ்பத்திரியில், இரத்தம் உறையாத கோளாறு கொண்ட ஐந்து பேருக்குக் குறைவான மரபணுவை அவர்களுடைய சொந்த அணுக்களிலேயே சேர்த்துக் கொடுத்ததில், ஐந்து பேருக்கும் இரத்தக் கசிவு நின்றது என்று 2024 டிசம்பரில் பிரசுரமாயிற்று. அதிலும் மரபணுவை மட்டும் சேர்த்தால் போதாது. எந்த அணுவில் திறக்க வேண்டும் என்கின்ற விசையையும் கூடவே சேர்த்துத்தான் வைத்தார்கள். இது இங்கிருந்து ஒரு பஸ் தூரத்திலே நடந்த காரியம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் எந்த ஊரில் எந்தச் சாமி பால் குடித்தது என்றால் மட்டும் அன்று மாலைக்குள் தெரிந்து விடுகின்றது.

நிற்க. சரீரம் இடத்துக்குத் தக்கபடி மாறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் வேலூர் ஜில்லா வெயிலை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. சித்திரையிலே வெளியூரிலிருந்து வந்தவன் இரண்டு நாளில் சுருண்டு விழுகின்றான். அதே ஆள் இரண்டு வாரம் இங்கே வேலை செய்தால் ஒருவாறு தாங்குகின்றான். என்ன ஆயிற்று? வேர்வை சீக்கிரம் வருகின்றது, வேர்வையில் உப்புக் குறைகின்றது, இரத்தத்தின் நீர் அளவு கூடுகின்றது. அணுக்களுக்குள்ளேயும் ஒரு காரியம் நடக்கின்றது. 1962-ல் இத்தாலி தேசத்தில் ரிட்டோசா என்பவர் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தபோது, கூட வேலை செய்தவர் யாரோ தெரியாமல் அடைகாக்கும் பெட்டியின் சூட்டை ஏற்றி விட்டார்கள். ரிட்டோசா அந்த ஈயின் அணுவைப் பார்த்தபோது, அதுவரை சும்மா கிடந்த சில மரபணுக்கள் உப்பி எழுந்து வேலை செய்து கொண்டிருக்கக் கண்டார். சூட்டினால் கோணிப் போகின்ற புரதங்களைப் பிடித்து நிமிர்த்துகின்ற வேலைக்காரர்களைச் செய்யும் மரபணுக்கள் அவை. அந்த வேலைக்காரர்கள் ஈயிலும் உண்டு, மாட்டிலும் உண்டு, மனிதனிலும் உண்டு. வெந்நீர்த் தொட்டியண்டை நிற்கின்றவனுக்கும் உண்டு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து அவனுக்குக் கூலி கணக்குப் பார்க்கின்றவனுக்கும் உண்டு. ஆனால் யாருக்கு அடிக்கடி அழைப்பு வருகின்றது என்பதில்தான் வித்தியாசம். இதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதை மறந்து விடக் கூடாது. "இவர்களுக்குப் பழக்கம், தாங்குவார்கள்" என்று சொல்லி உச்சி வெயிலில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வேலை வாங்குகின்ற முதலாளிகள் இதை ஒரு சாக்காகச் சொல்லக் கூடும். பழகின சரீரமும் தண்ணீரும் உப்பும் நிழலும் இல்லாவிட்டால் விழுந்துதான் போகும்.

நம் பக்கத்துக் கம்மவான்பேட்டையிலிருந்து பட்டாளத்துக்குப் போகாத வீடு அபூர்வம் என்பார்கள். லடாக்குக்குப் போய் வந்தவர்கள் இங்கேகூட இருக்கலாம். அவர்களைக் கேளுங்கள். போனவுடன் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், முதல் சில நாட்கள் ஓய்வாயிரு என்று உத்தரவு போடுவார்கள். அதன் காரணம் என்ன? மலைமேல் பிராணவாயு குறைவு. எப்போதும் செய்யப்பட்டு உடனுக்குடன் அழிக்கப்பட்டுக் கொண்டிருக்கின்ற ஒரு புரதம் அணுவில் இருக்கின்றது. பிராணவாயு குறைந்தால் அதை அழிக்கின்ற வேலை நின்று போகும். உடனே அது போய்ப் பல மரபணுக்களைத் திறந்து விடும். சிறுநீரகத்திலிருந்து, "இரத்தம் செய்" என்று எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்குச் சேதி போகும். சில வாரங்களில் சிவப்பணு பெருகும். இதைக் கண்டு பிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். திரும்பக் கணியம்பாடிக்கு வந்து இறங்கினால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி. சரீரம் தனக்கு வேண்டியதை வேண்டிய போது எழுதிக் கணக்கைப் பார்க்கிற புத்தியுள்ள வியாபாரி.

இனி நான் அதிகமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகின்றேன். தேனீக் கூட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு இராணி, ஆயிரக்கணக்கில் வேலைக்கார ஈக்கள். இராணி வருஷக்கணக்கில் உயிரோடிருப்பாள், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுவாள். வேலைக்காரியோ மும்முரமான வேலைக் காலத்தில் ஆறு வாரத்தில் செத்துப் போவாள், முட்டையும் இடமாட்டாள். இதைப் பார்த்தவுடனே நம்மவர் என்ன சொல்லுவார்கள்? இராணி இராணியாகப் பிறந்தாள், அடிமை அடிமையாகப் பிறந்தாள், எல்லாம் பிறவிப் பலன் என்பார்கள். சுத்தப் பொய்! இரண்டும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வந்தவை, ஒரே மரபணுக்கள். ஒரு புழுவுக்குக் கடைசிவரை ஒரு விசேஷப் பாலைக் கொடுக்கின்றார்கள், அது இராணி ஆகின்றது. மற்றதற்கு மூன்று நாளில் அதை நிறுத்திவிட்டு மகரந்தமும் தேனும் கொடுக்கின்றார்கள், அது வேலைக்காரி ஆகின்றது. சாப்பாட்டினால் பக்கங்கள் திறப்பதும் மூடுவதும் மாறுகின்றன. 2008-ல் ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மரபணு எழுத்துக்களின் மேல் ஒரு சிறிய இரசாயன முத்திரை விழுவதுண்டு. முத்திரை விழுந்த இடம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அந்த முத்திரையைக் குத்துகின்ற கருவியைப் புழுக்களில் அடக்கிப் பார்த்தார்கள். இராணிப் பால் கொடுக்காமலேயே அவற்றில் பெரும்பாலானவை இராணிகளைப் போல வளர்ந்தன.

மனிதன் தேனீயல்ல. அவ்வளவு சுலபமாய் ஒன்றை மற்றொன்றாக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றில் இருக்கும்போது கிடைத்த சாப்பாடு மனிதனையும் தொடர்ந்து வருகின்றது என்பதற்கு அத்தாட்சி இருக்கின்றது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் ஹாலந்து தேசத்தின் ஒரு பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். ஜனங்கள் துலிப் பூவின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது வருஷங்களுக்குப் பிறகு பரிசோதித்ததில், வளர்ச்சி சம்பந்தமான ஒரு மரபணுவின் மேல் விழுந்திருந்த முத்திரை அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளுக்கு இருப்பதைவிடக் குறைவாயிருந்தது. அறுபது வருஷம்! தாய் பட்டினி கிடந்தது பிள்ளையின் அணுவில் அடையாளமாக நின்றிருக்கின்றது.

ஹாலந்து வேண்டாம், வேலூருக்கே வாருங்கள். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கிராமங்களிலுமாகப் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் சி.எம்.சி.யார் குறித்து வைத்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை 26 முதல் 32 வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். அந்த இளவயதிலேயே பட்டணத்திலும் கிராமத்திலும் பலருக்குச் சர்க்கரைக் கோளாறு தலைகாட்டியிருந்தது. சிறு பிராயத்தில் மெலிந்திருந்து பின்னால் எடை ஏறினவர்களிடத்தில் அது அதிகம் என்கின்ற போக்கும் தெரிந்தது. 2004-ல் டில்லியில் வெளியான ஆராய்ச்சியும் இதையே சொல்லிற்று. புனாவில் யாஜ்ஞிக் என்கின்ற டாக்டர், அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தையின் எடை சராசரி 2.7 கிலோ, அவர்களுடையது 3.5. ஆனால் நம் குழந்தையிடம் குறைந்திருந்தது தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இதற்கு ஆராய்ச்சிக்காரர்களில் பலர் சொல்லும் விளக்கம் என்னவென்றால், வயிற்றிலிருக்கும் சிசு, "வெளியே பஞ்சம் போலிருக்கின்றது, கிடைத்ததைச் சேர்த்து வைத்துக் கொள்ளுவோம்" என்று தன் பக்கங்களைத் திறந்து மூடி வைத்துக் கொள்ளுகின்றது. பிறகு வெளியே வந்து பார்த்தால் ரேஷன் அரிசி மூன்று வேளையும், டீக்கடையில் சர்க்கரையும், பரோட்டாவும், உட்கார்ந்த வேலையும். பஞ்சத்துக்குத் தயாரான சரீரத்தை விருந்தில் உட்கார வைத்தால் கணக்குத் தவறுகின்றது. பரம்பரையாய் வரும் எழுத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறைக்கவில்லை.

என் தாயார் பிறந்தது மழை பொய்த்த ஒரு வருஷத்தில். என் பாட்டியார் பிள்ளையை வயிற்றில் வைத்துக் கொண்டு கூலிக்குக் களை எடுத்தவர். ஆண்கள் தின்று மிஞ்சின கூழைத் தின்றவர். இப்போது சொல்லுங்கள். என் தாயாரின் காலில் புண் ஆறாமல் போனதற்குச் சனியன் காரணமா? பாட்டிக்குச் சோறு போடாதவர்கள் காரணமா? சனியனை யாரும் கோர்ட்டில் நிறுத்த முடியாது, ஆகையால்தான் பழியை அவன் தலையில் போடுகின்றார்கள். அந்தக் கலத்தில் சோறு குறைந்ததற்கு ஆள் உண்டு, காரணம் உண்டு, திருத்தவும் முடியும்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் எச்சரிக்கை செய்து விடுகின்றேன். தலையெழுத்து என்று சொன்னால் இப்போது படித்தவன் சிரிக்கின்றான் என்று தெரிந்துகொண்டு, அதையே "மரபணு" என்று பெயர் மாற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்கின்றார்கள். "எங்கள் ஜாதிக்கு மூளை மரபணுவில் இருக்கின்றது, உங்கள் ஜாதிக்கு உழைப்பு மரபணுவில் இருக்கின்றது" என்கின்றார்கள். பழைய கள், புது மொந்தை! 1972-ல் லெவோன்டின் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மனிதருக்குள் உள்ள மரபணு வித்தியாசத்தில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே கூட்டத்துக்குள் ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் உள்ள வித்தியாசந்தான். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ளது சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பிடித்துக் கொண்டு அறிவுக்கும் யோக்கியதைக்கும் பட்டா கேட்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

இனி மூப்பு. தோல் ஷாப்பில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கன்றுத் தோலையும் கிழட்டு மாட்டுத் தோலையும் இருட்டில் தடவியே பிரித்துச் சொல்லி விடுவீர்கள். தோலுக்குப் பலம் கொடுக்கும் சரக்குக்குக் கொலாஜன் என்று பெயர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நாம் இறுக்கிப் பிடிப்பதும் அதைத்தான். உயிரோடிருக்கும் தோலில் அதைச் செய்யும் மரபணு வயதாக ஆக மந்தமாகின்றது. அதை அறுக்கும் சரக்கைச் செய்யும் மரபணு வெயிலினாலும் பீடிப் புகையினாலும் மும்முரமாகின்றது. எல்லோரும் இப்போது சட்டைக் கையை மேலே தூக்கிக் கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த முன்னங்கையின் வெளிப்புறத்தைப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே உட்புறத்துத் தோலையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே மரபணு. ஒன்று கிழவன், ஒன்று வாலிபன்! ஒரே மனிதன் கையிலேயே இரண்டு ஆயுசு எழுதின பிரம்மாவின் பேனாவை என்னவென்று சொல்லுவது?

2005-ல் ஸ்பெயின் தேசத்தார் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களைப் பரிசோதித்தார்கள். சிறு வயதில் இருவருடைய முத்திரைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலிருந்தன. வயதானவர்களில், முக்கியமாக வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமாக வாழ்ந்தவர்களில், அவை வெகுவாக மாறிப் போயிருந்தன. ஒரே நேரத்தில், ஒரே நட்சத்திரத்தில், ஒரே ஜாதகத்தில் பிறந்த இருவர்! சோதிடர்கள் இதற்குச் சமாதானம் சொல்லட்டும். 2013-ல் ஹோர்வாத் என்பவர் மரபணு நூலில் 353 இடங்களில் உள்ள முத்திரைகளைப் பார்த்தே ஒருவனுடைய வயதைக் கிட்டத்தட்டச் சொல்ல முடியும் என்று காட்டினார். திறக்க வேண்டியது மூடுவதும், மூட வேண்டியது கசிந்து திறப்பதும், பழுதைச் செப்பனிடுகிறவர்கள் சோர்ந்து போவதும், செத்தும் சாகாமல் நின்று பக்கத்து அணுக்களையும் கெடுக்கின்ற சில அணுக்கள் பெருகுவதுமாகச் சேர்ந்ததுதான் மூப்பு. இதில் எமனுக்கு வேலை ஒன்றும் இல்லை.

1947-ல் இந்தியனுடைய சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கின்றது. சித்திரகுப்தன் கணக்குப் புஸ்தகத்தைத் திருத்தி விட்டானா? அம்மை குத்தினார்கள், தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள், பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நம் கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்து வருஷங்களாக சி.எம்.சி.யின் சாட் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடு வீடாக நடந்து பிறப்பு இறப்புக் குறித்து வருகின்றார்கள். அந்தப் பதிவுதான் நமக்கு உண்மையான சித்திரகுப்தன் கணக்கு.

அப்படியானால் மூப்பைத் திருப்பி விடலாமா என்று கேட்பீர்கள். ஜப்பானில் யமனாக்கா என்பவர் 2006-ல் எலியின் தோல் அணுவில் நாலே நாலு மரபணுக்களைத் திறந்து வைத்து அதைச் சிசு அணுவைப் போல ஆக்கிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அணுவைத் திருப்பினது வேறு, ஆளைத் திருப்புவது வேறு. அளவு மீறினால் கட்டி கிளம்புகின்றது. நம் சிதம்பரத்தில் பிறந்தவரும், மரபணுவின் நகலைப் படித்துப் புரதம் செய்கின்ற பட்டறையின் அமைப்பைக் கண்டு 2009-ல் நோபல் பரிசு பெற்றவருமான வெங்கி ராமகிருஷ்ணன், மூப்பையும் சாவையும் பற்றியே 2024-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். சாகாத மருந்து என்று பணக்காரர்களிடம் விற்கப்படுகின்ற பல சரக்குகளுக்கு ஆதாரம் போதாது என்பதை அவரும் காட்டுகின்றார். ஆகவே காயகல்பம் என்று காவி கட்டினவன் விற்றாலும், மரபணு மாத்திரை என்று கோட்டு போட்டவன் விற்றாலும் பணத்தை இடுப்பிலேயே வைத்துக் கொள்ளுங்கள். காசில்லாத மருந்து ஒன்று உண்டு. வேகமாக நடந்தால் தசையில் சர்க்கரையை உள்ளே இழுக்கின்ற வாசலைச் செய்யும் மரபணு சுறுசுறுப்பாகின்றது. ஒரு நாள் நடையிலேயே அந்த மாற்றம் ஆரம்பமாகின்றது. நின்றால் சில நாளில் போய்விடுகின்றது. அதனால் தினம் நடக்க வேண்டியிருக்கின்றது.

நான் முடித்து உட்காரப் போகும் போது முன் வரிசையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, எனக்கு எழுபது ஆகிவிட்டது. என் எழுத்தெல்லாம் முடிந்து போயிற்று. இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்டார். நான், "ஐயா, வீட்டில் யார் யார் இருக்கின்றார்கள்?" என்றேன். மருமகள் ஆறு மாதக் கர்ப்பம் என்றார். "வீட்டில் முதலில் சாப்பிடுவது யார்?" என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நான்தான். அப்புறம் பையன்கள். அவள் கடைசியில்" என்றார். "இன்று இராத்திரி அவளை முதலில் உட்கார வைத்து, முட்டையும் பருப்பும் கீரையும் அவள் தட்டில் விழுந்த பிறகு நீங்கள் உட்காருங்கள் ஐயா. அவள் சர்க்கரையையும் இரத்தத்தையும் பார்க்க இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக் கொண்டு, "பஸ் போயிடும்" என்று சொல்லி எழுந்து விட்டார். கூட்டம் இரவு 9 மணிக்குக் கலைந்தது.